படித்தால் புரியும் சோதனைகள்: பிடிடி முறையைக் கையாள்வது எப்படி?

ஒரு சோதனை தோல்வியடையும்போது, நிரலின் எந்த வரியில் பிழை என்பதற்கு முன்பாக, மென்பொருள் எந்த விதியை மீறியது என்பதே தெரிய வேண்டும். மென்பொருளாளர் டான் நார்த் 2003 வாக்கில் ஜேபிஹேவ் என்ற சோதனைக் கருவியை எழுதத் தொடங்கியதும், மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுகளால் முதலில் வரையறுக்கும், பின்னர் பிடிடி (BDD, Behaviour-Driven Development) என்று பெயர் பெற்ற நடத்தைவழி உருவாக்க முறையை 2006-இல் ஒரு கட்டுரையில் விளக்கியதும் இந்தத் தேவையிலிருந்துதான். அதன்பின் வந்த, சாதாரண வாக்கியங்களில் எழுதிய எடுத்துக்காட்டுகளைச் சோதனைகளாக ஓட்டும் குக்கும்பர் போன்ற கருவிகள் மிகவும் பரவிவிட்டதால், கருவியை நிறுவிவிட்டாலே பிடிடி ஆகிவிடும் என்று பல குழுக்கள் நினைக்கின்றன. உண்மையில் கருவி கடைசியில் வருவது. முதலில் வர வேண்டியது உரையாடல்.

நூலக மென்பொருள் ஒன்றில் இரவல் நூலைப் புதுப்பிக்கும் வசதி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுதத் தொடங்கும் முன், தேவையை அறிந்தவர், நிரலாளர், சோதனையாளர் ஆகிய மூவரும் சிறிது நேரம் ஒன்றாக அமர வேண்டும். மேட் வின் வகுத்த எடுத்துக்காட்டு வரைபட முறை இதற்கு நன்கு உதவும். அதில் தேவை மஞ்சள் அட்டையிலும், விதிகள் நீல அட்டையிலும், ஒவ்வொரு விதிக்குமான எடுத்துக்காட்டுகள் பச்சை அட்டையிலும், விடை தெரியாத கேள்விகள் சிவப்பு அட்டையிலும் எழுதப்படும். ‘வேறொருவர் முன்பதிவு செய்த நூலைப் புதுப்பிக்க முடியாது’ என்பது கேட்பதற்குத் தெளிவான விதிதான். ஆனால், முன்பதிவு செய்தவர் அதை ரத்து செய்துவிட்டால் என்ன ஆகும், கெடு தேதி கடந்தபின் புதுப்பிக்கலாமா என்று கேட்கத் தொடங்கியதும் சிவப்பு அட்டைகள் சேர ஆரம்பிக்கும். அவை குவிந்துகொண்டே போனால், அந்தத் தேவை இன்னும் நிரலாக்கத்திற்குத் தயாராகவில்லை என்று பொருள்.

பச்சை அட்டைகளே பிறகு காட்சிகளாகின்றன, அதாவது ஓட்டிப் பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டுகளாகின்றன. குக்கும்பர் பயன்படுத்தும் கெர்கின் என்ற எழுத்து நடையில் தமிழுக்கும் குறிச்சொற்கள் உண்டு. கோப்பின் முதல் வரியில் மொழியைக் குறித்துவிட்டால் இப்படி எழுதலாம்:

காட்சி: வேறொருவர் முன்பதிவு செய்த நூலைப் புதுப்பிக்க முடியாது
கொடுக்கப்பட்ட மாலா இரவல் பெற்ற நூலின் கெடு தேதி மார்ச் 10
மேலும் அந்த நூலைக் கபீர் முன்பதிவு செய்திருக்கிறார்
எப்போது மாலா மார்ச் 8 அன்று புதுப்பிக்கக் கோருகிறார்
அப்பொழுது கோரிக்கை நிராகரிக்கப்படும்
மேலும் கெடு தேதி மார்ச் 10 ஆகவே இருக்கும்

இதில் உள்நுழைவுப் பக்கமோ, கடவுச்சொல்லோ, பொத்தானோ இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘புதுப்பி என்ற நீலப் பொத்தானை அழுத்துகிறார்’ என்று எழுதினால், விதி மாறாமல் திரை மட்டும் மாறும் நாளில் அந்தக் காட்சியையும் திருத்த வேண்டியிருக்கும். அதோடு, படிப்பவர் எந்த விதி சோதிக்கப்படுகிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். கடைசி வரியும் வீணன்று: நிராகரிப்புச் செய்தியைக் காட்டிவிட்டு உள்ளே தேதியை மாற்றிவிடும் நிரலை அந்த ஒரு வரிதான் பிடிக்கும். ஒரு காட்சியில் ‘எப்போது’ இருமுறை வந்தால், பெரும்பாலும் இரண்டு நடத்தைகள் ஒன்றில் கலந்திருக்கின்றன, அவற்றைப் பிரித்துவிடுங்கள்.

இந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் நிரலோடு இணைக்கும் சிறு நிரல் துண்டுகளான படி வரையறைகள் (step definitions) மெல்லியவையாக இருக்க வேண்டும். கணக்கும் கிளைத்தலும் (‘இப்படியானால் இது, இல்லையேல் அது’ என்ற நிபந்தனைகள்) அங்கே நுழையக் கூடாது. தேதி சார்ந்த காட்சிகளில் கணினியின் உண்மையான கடிகாரத்தை நம்பினால், இன்று வெற்றிபெறும் சோதனை அடுத்த வாரம் காரணமின்றித் தோற்கும். ஆகவே நேரத்தை வெளியிலிருந்து நிரலுக்குக் கொடுக்கும்படி அமைத்து, சோதனையின்போது அதை மார்ச் 8-இல் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு காட்சியும் தனக்கு வேண்டிய தரவைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். முந்தைய காட்சி விட்டுச்சென்றதை நம்பி ஓடும் காட்சி, வரிசை மாறியதும் உடையும்.

எல்லாவற்றையும் காட்சியாக்க வேண்டியதில்லை. பிப்ரவரி 29-ஐத் தாண்டும் கெடு தேதிக் கணக்கு, நிரலின் ஒரு சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் அலகுச் சோதனைக்கு உரியது. அங்கும் ‘சோதனை 3’ என்று பெயரிடாமல், ‘நெட்டாண்டில் பதினான்கு நாள் கெடு மார்ச்சுக்குள் சரியாக நீளும்’ என்பது போல முழு வாக்கியமாகவே பெயரிடுங்கள். சோதனையின் நிரலை ஆயத்தம், செயல், சரிபார்ப்பு என மூன்றாகப் பிரித்து இடையில் வெற்று வரி விடுங்கள். நிரலை எழுதும் முன்பே சோதனையை ஓட்டி, அது எதிர்பார்த்த காரணத்திற்காகவே தோற்கிறதா என்று பாருங்கள்; ஒருமுறைகூடத் தோற்றதைப் பார்க்காத சோதனை உண்மையில் எதையாவது சரிபார்க்கிறதா என்பது யாருக்கும் தெரியாது.

உங்கள் குழுவில் நிரலாளர்களைத் தவிர வேறு யாரும் காட்சிகளைப் படிப்பதில்லை என்றால், குக்கும்பர் அடுக்கைப் பராமரிக்கும் உழைப்பு வீண் என்பதே என் கருத்து. அந்நிலையில் அட்டைகளோடு நடக்கும் உரையாடலை மட்டும் வைத்துக்கொண்டு, அதே எடுத்துக்காட்டுகளை வழக்கமான அலகுச் சோதனைகளாக, அதே தெளிவான பெயர்களுடன் எழுதிவிடலாம்.