எலும்பு மெலிவதை முறியும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

"பொடக்காலியில (புழக்கடையில) வழுக்கி விழுந்துட்டாங்க, இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு." ஈரோடு மாவட்டத்துக் கோபி, பெருந்துறைப் பக்கம் வயதான அம்மாக்கள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் செய்தி. விழுந்ததை மட்டும் குறை சொல்ல முடியாது. எலும்பு பல வருடங்களாக உள்ளுக்குள் மெலிந்துகொண்டே வந்திருக்கும். மூட்டு வலி வேறு, இது வேறு. ஆஸ்டியோபோரோசிஸ் என்னும் இந்த எலும்பு மெலிவு, எலும்பு முறியும்வரை வலிக்காது. அதனால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

1. உயரத்தை அளந்து பாருங்கள். செருப்பில்லாமல் சுவரை ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் அட்டையை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். இளவயதில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கலாம். "வயசானா கூன் விழத்தான் செய்யும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

2. யார் முந்திக்கொள்ள வேண்டும்? மாதவிடாய் நின்றதும், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து, அடுத்த சில வருடங்கள் எலும்பு வேகமாகக் கரையும். 45 வயதுக்கு முன்பே நின்றவர்கள், சினைப்பையை எடுத்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் தாமதிக்கவே கூடாது.

3. டாக்டரைக் கேட்டு, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். கோவையில் எடுக்கலாம். ஊசி கிடையாது, சில நிமிடம் படுத்திருந்தால் போதும். அதில் வரும் டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்ட எண்) மைனஸ் 1-க்கு மேல் இருந்தால் சரி. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். நடுவில் இருந்தால் மெலிய ஆரம்பித்துவிட்டது.

4. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகியில் சுமார் 350 மி.கி. இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் சுமார் 240. ராகிக் களியும் முருங்கைக்கீரையும், சாயங்காலம் எள்ளுருண்டையும் நம் வீட்டுச் சாப்பாடுதானே! புரதத்துக்குக் கொள்ளுப் பருப்பு. கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். பனியன் கம்பெனிக்குள்ளேயே பகல் முழுக்க இருப்பவர்கள், மதிய இடைவேளையில் கொஞ்ச நேரம் வெயிலில் நடக்கட்டும்.

5. பொடக்காலிப் பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். குளியலறையில் கைப்பிடி, இரவுக்கு ஒரு சின்ன விளக்கு.

6. எலும்பு கரைவதைக் குறைக்க, டாக்டர் வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபி ஆகாது. அரைமணி நேரம் படுக்கவும் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். கால்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்கள்.