தாஜ்மகாலுக்கு விடியலில் போவதென்றால்

டெல்லி மயூர் விஹாரில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரனுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளிகளால் இரண்டு வேலை உண்டு. ஒன்று, குளிருக்கு ஸ்வெட்டர் இரவல் கொடுப்பது. இன்னொன்று, தாஜ்மகாலுக்குக் கூட்டிப் போவது. பதினைந்து வருடத்தில் பதினொரு தடவை போய் வந்துவிட்டேன். அதில் ஏழு தடவை விடியற்காலைப் பயணம். நான்கு நன்றாக அமைந்தன, மூன்று சொதப்பின. சொதப்பிய மூன்றுமே ஆக்ராவில் கெட்டவை இல்லை. கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து நான் செய்த முடிவுகளால் கெட்டவை. அதனால் முக்கால்வாசி முன்னேற்பாட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் மாதம். என் அத்தையை ஜனவரி முதல் வாரத்தில் கூட்டிப் போனேன். இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குரங்குக் குல்லாய் எல்லாம் மாட்டிவிட்டு, விடிவதற்குள் கொண்டுபோய் நிறுத்தினால், எதிரே வெறும் வெள்ளை. பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் நிற்பவர் தெரியவில்லை. "ஏல, எங்கல தாஜ்மகால்?" என்றார் அத்தை. "அங்கதான் அத்தை இருக்கு" என்று கையைக் காட்டினேன். நம்பின மாதிரித் தெரியவில்லை. பத்தரை மணிக்கு மேல்தான் குவிமாடம் மட்டும் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரிந்தது. அதற்குள் எங்கள் நேரம் முடிந்து வெளியே வந்துவிட்டோம். டிசம்பர் பின்பாதியும் ஜனவரியும் வேண்டவே வேண்டாம். தாஜ் தெரியாமல் போவது ஒரு பக்கம். அந்த மூட்டத்தில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

நல்ல காலம் என்றால் அக்டோபர் பின்பாதியிலிருந்து நவம்பர் வரை. அப்புறம் பிப்ரவரி பின்பாதியும் மார்ச்சும். நவம்பரில் சில நாள் புகைமூட்டம் இருக்கும், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மே, ஜூனில் பனி இல்லையே என்று யோசிக்காதீர்கள். வெயில் ஒரு காரணம். யாரும் சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. தாஜ்மகாலின் முகப்பு தெற்கைப் பார்த்தது. வடக்கே பின்னால் யமுனை. கோடையில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால், முதல் வெளிச்சம் கட்டிடத்தின் முதுகுப் பக்கத்தில் விழும், நாம் நிற்கும் முன்பக்கம் நிழலாக இருக்கும். நவம்பரிலும் பிப்ரவரியிலும் தென்கிழக்கிலிருந்து வருகிற வெயில் முகப்பின் மேல் சாய்வாக விழும். நிறம் மாறுவதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடு!

நாளைப் பொறுத்தவரை, வெள்ளிக்கிழமை விடுமுறை. தொழுகைக்கு மட்டும் அன்று திறப்பார்கள். இது தெரியாமல் இன்றும் ஆட்கள் வந்து வாசலில் நிற்பதைப் பார்க்கலாம். சனி, ஞாயிறு கூட்டம். செவ்வாய், புதன் என் தேர்வு.

சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே வாசலைத் திறப்பார்கள். நவம்பர் நடுவில் ஆக்ராவில் ஆறரை தாண்டி உதிக்கும், ஆகவே ஆறு மணி சுமாருக்குத் திறக்கும். டெல்லியிலிருந்து ரயிலில் இதற்குப் போவது சரிப்படாது. கதிமான் எக்ஸ்பிரஸ் நல்ல வண்டிதான், ஆனால் நிஜாமுதீனில் கிளம்புவதே எட்டு மணிக்கு மேல். எனவே கார். யமுனா எக்ஸ்பிரஸ்வே கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர், 2012இல் திறந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டரைக்குக் கிளம்பினால் நடுவில் ஒரு டீயோடு ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குச் சேரலாம். துவாரகா, குருகிராம் பக்கம் இருப்பவர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும்.

இப்போது ஏஜென்சி. கார், ஓட்டுநர், வழிகாட்டி, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். வழிகாட்டி பெரும்பாலும் டெல்லியிலிருந்து கூட வரமாட்டார், ஆக்ராவில் வந்து சேர்ந்துகொள்வார். பேசி முடிக்கும்போது நான் மூன்று விஷயம் கேட்பேன்.

ஓட்டுநர் முந்தின சாயங்காலம் தூங்குவாரா என்பது முதல் கேள்வி. சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு தடவை வந்த ஓட்டுநர் இரவு பதினோரு மணி வரை விமான நிலையச் சவாரி ஓட்டிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஜேவர் சுங்கச்சாவடி தாண்டியதும் கார் மெல்ல இடது பக்கம் சாய ஆரம்பித்தது. முன் சீட்டில் நான் விழித்திருந்ததால் தப்பித்தோம். ஓரத்தில் இருந்த உணவகத்தில் நிறுத்தி, அவரை அரை மணி நேரம் படுக்க வைத்துவிட்டு நாங்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சூரியன் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து முன் சீட்டில் உட்காருபவர் தூங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இரண்டாவது, வழிகாட்டிக்கு அரசு உரிமம் உண்டா, அடையாள அட்டை போட்டிருப்பாரா. மூன்றாவது, கடைக்குக் கூட்டிப் போகக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே, முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகச் சொல்லிவிடுங்கள். தாஜ்மகாலைக் கட்டியவர்களின் வம்சாவளி என்று சொல்லிப் பளிங்குப் பட்டறைக்குக் கூட்டிப் போவார்கள், டீ கொடுப்பார்கள். விற்றதில் ஒரு பங்கு வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் போகும். கல் பதிக்கும் வேலையைப் பார்ப்பது தப்பே இல்லை, அழகான வேலைதான். ஆனால் என் சித்தப்பா பளிங்கு என்று வாங்கிய தட்டை ஊரில் சித்தி தேய்த்துக் கழுவியதில் கோடு விழுந்துவிட்டது. மாவுக்கல். நல்ல பளிங்கில் நகத்தால் கீறினால் ஒன்றும் ஆகாது, பின்னால் செல்போன் விளக்கைப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும்.

நுழைவுச் சீட்டை ஏஜென்சி வாங்கினாலும் நீங்கள் ஒரு தடவை சரிபாருங்கள். நான் கடைசியாகப் போனபோது இந்தியர்களுக்கு 50 ரூபாய். அது சமாதிக் கட்டிடத்துக்குள் நுழைய உதவாது. உள்ளே போக இன்னும் 200 ரூபாய். இந்த 200 இல்லாமல் 50 மட்டும் வாங்கிவைத்து, "எல்லாம் சேர்த்துதான்" என்று ஒரு ஏஜென்சி சாதித்த அனுபவம் எனக்கு உண்டு. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவுக்காரர்கள் வந்தால் அவர்களுக்கு சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் கட்டணம், 540 ரூபாய். மற்ற வெளிநாட்டவருக்கு 1,100. இவர்களுக்கும் அந்த 200 தனி. பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கையில் வையுங்கள். தொல்லியல் துறையின் இணையதளத்தில் முன்னாலேயே வாங்கிவிட்டால் இருட்டில் வரிசையில் நிற்க வேண்டாம். உள்ளே போனதிலிருந்து மூன்று மணி நேரம்தான் சீட்டு செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கையில் என்ன கொண்டு போகலாம்? குறைவாக. செல்போன், சின்ன கேமரா, தண்ணீர், பர்ஸ். சாப்பாடு, தீப்பெட்டி, லைட்டர், புகையிலை, கத்தி, ட்ரைபாட், பெரிய பை எதுவும் கூடாது. என் மனைவி கட்டிக் கொடுக்கும் மிளகாய்ப்பொடி இட்லியை நாங்கள் காரிலேயே முடித்துவிடுவோம், மிச்சம் காரிலேயே இருக்கும். காலுறை கட்டாயம். சமாதி மேடையில் செருப்பைக் கழற்ற வேண்டும், அல்லது மேலே துணி உறை மாட்ட வேண்டும். நவம்பர் காலையில் அந்தப் பளிங்கில் வெறுங்காலோடு நின்றால் ஐஸ் கட்டி மேல் நிற்கிற மாதிரிதான்.

எக்ஸ்பிரஸ்வேயிலிருந்து வருபவர்களுக்குக் கிழக்கு வாசல் வசதி. ஷில்ப்கிராமில் காரை நிறுத்த வேண்டும், பெட்ரோல், டீசல் வண்டி அதற்கு மேல் போகாது. அங்கிருந்து வாசலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பேட்டரி வண்டி உண்டு. "இன்னிக்கு பேட்டரி வண்டி ஓடாது, என்னோடு வாங்க" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் நடங்கள். சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை. உள்ளே எங்கே சேர்ந்துகொள்வது என்று முன்பே பேசி வையுங்கள்.

சரி, உள்ளே வந்துவிட்டோம். செங்கல் நிறத்தில் ஒரு பெரிய வாயில் இருக்கும். அதன் இருட்டுக்குள் நடந்து வரும்போது வளைவுக்குள் தாஜ் முழுதாக அடங்கித் தெரியும். நெருங்க நெருங்கக் கட்டிடம் பின்னால் தள்ளிப் போவதுபோல் இருக்கும். வழிகாட்டி உங்களை முன்னும் பின்னும் நடக்கச் சொல்வார், சொன்னபடி செய்யுங்கள், நன்றாக இருக்கும்.

அந்த வளைவைத் தாண்டியதும் எல்லோரும் அப்படியே நின்று படம் எடுக்க ஆரம்பிப்பார்கள். நானும் முதல் நான்கு தடவை அங்கேதான் நின்றேன். உதயத்தின் பாதியை முன்னால் நிற்பவரின் தலைக்கு மேல் பார்த்தேன். இப்போது ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு, வலது கைப் பக்கப் பாதையில் விறுவிறுவென்று நடந்து தாஜின் கிழக்கே இருக்கும் சிவப்புக் கட்டிடத்துக்குப் போய்விடுவேன். மேற்கே ஒரு மசூதி இருக்கிறது, அதற்கு ஜோடியாக, சமச்சீருக்காகவே கட்டியது இது. ஜவாப், அதாவது பதில் என்று பெயர். உதயத்தில் வெயில் முதலில் படும் கிழக்குப் பக்கம் இங்கிருந்து நேர் எதிரே. கூட்டமும் இல்லை. முதலில் சாம்பல் நிறம். பிறகு ஓரங்களில் லேசான ரோஜா நிறம் ஏறும். வெயில் நேராக விழுந்ததும் பசு வெண்ணெய் போல ஒரு மஞ்சள். ஏழே கால், ஏழரைக்கெல்லாம் வெள்ளையாகிவிடும். ராஜஸ்தானின் மக்ரானா பளிங்கு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கித் திருப்பித் தருகிற கல், அதனால்தான் இந்த மாற்றம். இந்த அரை மணி நேரம் வழிகாட்டியைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். மரியாதையாகத்தான். "பாயீ சாப், அரை மணி நேரம் கழித்து" என்றால் அவரும் டீ குடிக்காத தூக்கத்தில் சந்தோஷமாக ஒதுங்கிவிடுவார்.

வெள்ளையான பிறகு அவரைப் பேச விடுங்கள், அவர் சம்பளத்துக்கு அப்போதுதான் வேலை. மும்தாஜ் 1631இல் புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தில் இறந்தது, 1632இல் வேலை தொடங்கியது, முழு வளாகமும் முடிய 1653 ஆனது எல்லாம் சொல்வார். வாசல் எழுத்துகளைக் காட்டச் சொல்லுங்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கி, கீழிருந்து பார்க்கையில் ஒரே அளவாகத் தெரியும்படி எழுதியிருக்கிறார்கள். எழுதிய அமானத் கான் தன் பெயரையும் பதித்திருக்கிறார். நான்கு மினார்களும் வெளிப்பக்கமாக லேசாகச் சாய்ந்திருப்பதையும் பாருங்கள். கட்டிய தொழிலாளிகளின் கையை வெட்டிய கதை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஷாஜகான் தனக்காகக் கறுப்பு தாஜ் கட்ட நினைத்த கதை இரண்டும் தப்பாமல் வரும். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் நிறுத்தாதீர்கள், அவர் சொல்கிற அழகுக்குக் கேட்கலாம்.

சமாதிக்குள் கூட்டம் சேரும் முன், எட்டு மணிக்குள் போய்விடுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நடுவில் மும்தாஜின் கல்லறைக் கல், அதன் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக ஷாஜகானுடையது. அத்தனை சமச்சீரான இடத்தில் நடுவை விட்டு விலகி நிற்பது அது ஒன்றுதான். உண்மையான சமாதிகள் இதற்குக் கீழே இருக்கின்றன. அந்தப் பிரபலமான பளிங்கு பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுப்பதைத் திரும்பி வரும் வழியில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு காலை உணவு. ஆக்ராவில் பேடையும் ஜிலேபியும்தான் காலைச் சாப்பாடு. பேடை என்பது பருப்பு வைத்த பூரி, காரமான உருளைக்கிழங்குக் குழம்போடு தருவார்கள். ஆக்ரா கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மகன் ஔரங்கசீப் சிறைவைத்த பிறகு 1658 முதல் 1666இல் இறக்கும் வரை ஷாஜகான் இருந்தது அங்கேதான். முசம்மன் புர்ஜ் மாடத்திலிருந்து தாஜ் தெரியும். காலையில் அத்தனை பக்கத்தில் பார்த்துவிட்டு இங்கே வந்து தூரத்தில் பார்க்கும்போதுதான் பெரியவர்கள் அமைதியாகிவிடுகிறார்கள். நாங்கள் கோட்டைக்குள் சுற்றும் நேரம் ஓட்டுநருக்குத் தூங்கும் நேரம். எழுப்ப மாட்டோம். சக்தி இருந்தால் இதிமாத்-உத்-தௌலா, நூர்ஜகான் தன் அப்பாவுக்குக் கட்டிய சமாதி. எங்கள் வீட்டு ஆட்களுக்கு அந்தச் சக்தி இதுவரை இருந்ததில்லை.

அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் கூட இருந்தால் இந்த இரவுப் பயணமே வேண்டாம். முந்தின சாயங்காலம் போய் ஆக்ராவில் தங்கிவிடுங்கள். செலவு கொஞ்சம் கூடும். அத்தையை அடுத்த நவம்பரில் அப்படித்தான் கூட்டிப் போனேன். வெயில் ஏறும் வரை ஜவாப் படியில் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆக்ராவின் இனிப்பான பேட்டா விற்கும் கடையில்தான் வாயைத் திறந்தார். "ஏல, இது நம்ம காசி அல்வாக்குப் போடுத பூசணிக்காதான?" அதே வெண்பூசணிதான். ஊருக்கு எடுத்துப் போவதென்றால் காய்ந்த பேட்டாவாக வாங்குங்கள். அங்கூரி பேட்டா ஜீராவில் மிதப்பது, மதுரா தாண்டுவதற்குள் காருக்குள் ஒழுகிவிடும்.