மர மேல்மூடிக்குள் விளக்கு: காற்றின் வழியை மறப்பவர்கள் கவனத்திற்கு

கடல்மீன் தொட்டி வைக்கத் தொடங்கும் இளையர்கள் பலர், தாங்களே செய்த மர மேல்மூடியின் படங்களை அனுப்பி, விளக்கை எப்படிப் பொருத்துவது என்று கேட்கின்றனர். மரவேலை பெரும்பாலும் நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால், மெட்டல் ஹாலைடு விளக்குகள் இருந்த காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த தவறுகள் அப்படியே திரும்பி வந்திருப்பது தெரிகிறது. ஈரக்கையால் பிளக்கைத் தொடக்கூடாது என்பது போன்று எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிட்டு, பணத்தையும் பவளத்தையும் சேர்த்து இழக்கவைக்கும் தவறுகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்இடி சுடாது என்ற நம்பிக்கை

மெட்டல் ஹாலைடு தன் வெப்பத்தில் பெரும்பகுதியைக் கதிர்வீச்சாகக் கீழே நீரின்மீது கொட்டியது. எல்இடி அப்படிச் செய்வதில்லை. அதன் வெப்பம் பின்புறத்தில் உள்ள அலுமினியத் தகடுகளின் வழியாக மேலே உள்ள காற்றில் கலக்கிறது. திறந்த வெளியில் தொங்கும் விளக்குக்கு இது நன்மை. மூடிய பெட்டிக்குள்ளோ அந்தக் காற்று வெளியேற வழியின்றித் தங்கி, மேலும் மேலும் சூடேறுகிறது. விளக்கோடு வரும் சிறு விசிறியும் அதே சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுவதால், விசிறி ஓடும் ஓசையைக் கேட்டு மனநிறைவு கொள்வதில் பயனில்லை. சூடு கூடக் கூட எல்இடியின் ஒளியும் குறையும், ஆயுளும் குறையும். டி5 குழல்விளக்குகள்கூட, சுற்றியுள்ள காற்று ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதுதான் முழு ஒளி தரும். அதைத் தாண்டினால் மங்கும்.

வெளியேற்றும் விசிறி உண்டு, உள்வழி இல்லை

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நாலறை வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். நான்கு அடித் தொட்டி, அதன்மேல் தேக்கு நிற வார்னிஷ் பூசிய மேல்மூடி, பின்பலகையில் இரண்டு 120 மில்லிமீட்டர் கணினி விசிறிகள். இரண்டும் காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தப்பட்டிருந்தன. "அண்ணே, ரெண்டு ஃபேன் போட்டும் தண்ணீர் 30 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, அதனால் பெரிய சில்லர் வாங்கிவிட்டேன்" என்றார் அந்தத் தம்பி. நீரைக் குளிர்விக்கும் அந்தச் சில்லர் கீழே அலமாரிக்குள், கதவை மூடிய நிலையில், இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கின் ஒரு முனையைக் கழற்றிப் பார்த்தோம். அலுமினியத் தகடுகளின் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகப் படிந்து, திருகாணிகளின் தலைகள் துருவேறி, மின்கம்பி இணைப்பு ஒன்று பச்சை பூத்திருந்தது. காரணம் எளியது. காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கு, தள்ளும் அளவுக்கு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த மூடியில் அதற்கென ஒரு துளைகூட இல்லை. ஆகவே விசிறிகள், மூடிக்கும் தொட்டி விளிம்புக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளி வழியாக, நீர்ப்பரப்பைத் தடவிக்கொண்டு வந்த உப்பு ஈரக்காற்றை உறிஞ்சி, விளக்கின்மீது பாய்ச்சிக்கொண்டிருந்தன. போதாததற்குத் தொட்டி சுவரோடு ஒட்டி நின்றதால், வெளியேறிய சூடான காற்று சுவரில் மோதி மூடியின் பின்னாலேயே தேங்கியது. கீழே சில்லர் கக்கிய வெப்பமும் அதே சந்தின் வழியாக மேலே ஏறி அதனுடன் சேர்ந்தது. நீரிலிருந்து எடுத்த வெப்பத்தையும் தன் கம்பிரசரின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே விடுவதுதான் சில்லரின் வேலை. அதை மூடிய அலமாரியில் அடைத்தால், அது தான் விட்ட வெப்பத்துடனேயே நாள் முழுவதும் போராடும். மின்கட்டணம் ஏறியது, தண்ணீர் குளிரவில்லை.

இந்த ஊரின் பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி வரை போவதால், குளிர்சாதனம் இல்லாத அறையில் பவளத் தொட்டியை 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கச் சில்லர் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. மேல்மூடி சேர்த்துவைக்கும் வெப்பத்தைப் போக்கப் பெரிய சில்லர் வாங்குவதைத்தான் தவறு என்கிறேன். ஒரு விசிறியின் விலையில் தீரும் குறைக்கு நூற்றுக்கணக்கான சிங்கப்பூர் வெள்ளியைச் செலவழிக்க வேண்டியதில்லை.

விசிறி அறைக்காற்றை உள்ளே தள்ள வேண்டும், வெளியே இழுக்கக்கூடாது. மூடியின் ஒரு பக்கப் பலகையில், விளக்கின் தகடுகளுக்கு நேராக விசிறியைப் பொருத்தி, எதிர்ப்பக்கத்தின் மேல் ஓரத்தில் நீண்ட திறப்பு ஒன்றை வெட்டுங்கள். அப்போது விசிறி எப்போதும் உலர்ந்த காற்றில் ஓடும். உப்பும் விளக்கை அவ்வளவாக அணுகாது. ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி வட்டத்தின் பரப்பு சுமார் 113 சதுர சென்டிமீட்டர் என்பதால், விசிறி ஒன்றுக்கு 30 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட திறப்பாவது தேவை. வலை பொருத்தினால் இன்னும் பெரிதாக வெட்ட வேண்டும். 150 வாட் வெப்பம், அறையைவிட 5 டிகிரிக்கு மேல் மூடியைச் சூடாக்காமல் இருக்க, மணிக்கு ஏறத்தாழ 90 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு தடையற்ற வெளியில் அளந்தது. மூடிக்குள் அதைவிட வெகுவாகக் குறையும் என்பதால், ஒன்று போதும் என்று தோன்றும் இடத்தில் இரண்டு வையுங்கள். பக்கப் பலகையில் இடம் இல்லையென்றால் தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பின்பலகையைப் பயன்படுத்தலாம்.

வேலை முடிந்ததும் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, விசிறியின் வெளிப்புறத்தில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக உள்ளே இழுக்கப்பட்டு எதிர்முனையில் வெளியேற வேண்டும். விசிறிக்கு அருகிலுள்ள இடுக்கு வழியாகவே திரும்பி வந்தால், காற்று விளக்கைத் தொடாமல் குறுக்கு வழியில் போகிறது. அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள். விளக்கு அணைந்ததும் விசிறியும் நிற்கும்படி ஒரே டைமரில் இணைக்காதீர்கள்; தகடுகளில் தங்கிய சூடு வெளியேற மேலும் அரை மணி நேரமாவது ஓடட்டும்.

விளக்கு விசிறியும் நீர் விசிறியும்

இரண்டும் வேறு வேறு. நீர்ப்பரப்பில் வீசும் விசிறி ஆவியாதலால் குளிர்விக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 கிலோவாட்-மணி வெப்பம் போகிறது. ஆனால் மழை பெய்து காற்று ஈரத்தில் ஊறிக்கிடக்கும் மாலையில் ஆவியாதல் மிகக் குறைவு, ஆகவே குளிர்ச்சியும் குறைவு. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உப்பின் செறிவு ஏறும். இங்குள்ள குழாய்நீரில் கிருமிநாசினியான குளோரமின் இருப்பதால் அதை நேராக ஊற்றக்கூடாது. சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த ஆர்ஓ நீரைப் பயன்படுத்துங்கள்.

எம்டிஎஃப் பலகை

மரநாரை அழுத்திச் செய்த இந்தப் பலகை வேண்டாம். ஊறி உப்பிவிடும்.

விசிறித் துளையின் விளிம்பு

மூடியின் உட்புறம் முழுவதும் எபாக்ஸி பூசியவர்கள்கூட, பின்னர் ரம்பத்தால் வெட்டிய துளையின் விளிம்பைப் பூசாமல் விட்டுவிடுகின்றனர். ஒட்டுப்பலகையின் அடுக்குகள் பிரியத் தொடங்குவது அங்கேதான்.

அக்ரிலிக் தடுப்பு

விளக்குக்கும் நீருக்கும் இடையே தடுப்பு அவசியம். மெல்லிய அக்ரிலிக் ஒருபுறம் ஈரத்தை ஏற்று வளைந்துவிடும் என்பதால் கண்ணாடியே நல்லது. வாரம் ஒருமுறை உப்புக்கறையைத் துடைக்காவிட்டால், வாங்கிய ஒளியில் ஒரு பங்கு அதிலேயே நின்றுவிடும்.

டிரைவரை மூடிக்குள் வைப்பது

இந்த ஊர் மின்சாரம் 230 வோல்ட். டிரைவர் (எல்இடிக்கு ஏற்ற மின்சாரத்தைத் தரும் பெட்டி), அடாப்டர், நீட்டிப்பு இணைப்பு ஆகிய எதுவும் மூடிக்குள்ளோ தொட்டிக்கு நேர் கீழேயோ இருக்கக்கூடாது. பிளக்குக்குப் போகும் ஒவ்வொரு கம்பியும் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கிப் பின் மேலேறும்படி விடுங்கள். அப்போது வழிந்துவரும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். மின்கசிவுத் துண்டிப்பானான ஆர்சிசிபி 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அதற்கு முந்தைய வீடுகளில் 2025 ஜூலை 1-க்குள் பொருத்தியிருக்க வேண்டும். பழைய வீடாக இருந்தால், தொட்டியில் நீர் நிரப்பும் முன்பே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, அது இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள்.