சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்: விர்ச்சுவல்பாக்ஸைக் கமாண்டில் அமைக்கும்போது

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை (விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸை மவுஸால் அமைக்கும்போது தப்பான எண்ணைப் போட்டால் சன்னலின் அடியில் எச்சரிக்கை வரும், மெமரிப் பட்டை சிவப்பாகும். கமாண்டில் அந்தக் கரிசனம் கிடையாது. சொன்னதைச் செய்துவிட்டு வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கக் கல்லூரி லேப்களில் முப்பது கணினிக்கும் ஒரே அமைப்பைப் போட வேண்டும் என்றால் கமாண்டை விட்டால் வேறு வழியும் இல்லை. பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும் தவறைப் படித்துத் திருத்திவிடலாம். வேலை முடிந்த மாதிரியே இருந்து, வேறு அளவிலோ வேறு இடத்திலோ நடந்துவிட்ட தவறுதான் மறுநாள் காலை முதல் பீரியடில் கழுத்தைப் பிடிக்கும். இங்கே சொல்வது பெரும்பாலும் அந்த வகை. (கமாண்ட் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

அலகில் விழும் ஓட்டை

வெண்ணாறு என்று பெயர் வைத்த விஎம்முக்கு 4 ஜிபி மெமரி வேண்டும் என்று நினைத்து இப்படித் தட்டுவார்கள்:

விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம் வெண்ணாறு --மெமரி 4

பிழை வராது. ஏனென்றால் இங்கே அலகு எம்பி. குறைந்தபட்ச அளவும் சரியாக 4 எம்பிதான். ஆகவே விஎம்முக்கு 4 எம்பி மெமரி போய்ச் சேரும். இயக்கினால் கருப்புத் திரைதான். எழுத வேண்டியது 4096. டிஸ்க்குக்கும் இதே கதை: கிரியேட்மீடியத்தில் --சைஸ் 20 என்றால் 20 எம்பி டிஸ்க். 20 ஜிபிக்கு 20480.

டிஸ்க்கைப் பெரிதாக்க மாடிஃபைமீடியம், --ரீசைஸ். இதுவும் எம்பியில், கூட்டும் அளவு அல்ல, மொத்த அளவு. 20 ஜிபி டிஸ்க்கில் 10 ஜிபி கூட்ட 30720 என்று கொடுக்க வேண்டும். சுருக்க முடியாது. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அப்போதைய நிலையைப் பதிந்துவைப்பது) எடுத்திருந்தால் அடி டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கிப் பயனில்லை. அதன் பின் நடந்த மாற்றங்களைச் சேர்க்கும் மேல் வேறுபாட்டு டிஸ்க் பழைய அளவிலேயே நிற்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் விஎம்முக்குள் போய்ப் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவு) நீட்டாதவரை உள்ளே ஒரு எம்பிகூடக் கூடாது. இதை மறந்துவிட்டு கமாண்டைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

யார் பேரில் ஓட்டினீர்கள்?

லினக்ஸில் பழக்கதோஷத்தில் முன்னால் சுடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டச் சொல்வது) சேர்ப்பது அடுத்த தவறு. விர்ச்சுவல்பாக்ஸின் அமைப்பு ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி. அவரவர் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும். சுடோ போட்டால் அது ரூட் என்ற நிர்வாகிப் பயனரின் வீட்டை, அதாவது ஹோம் ஃபோல்டரைப் போய்ப் பார்க்கும். அங்கே லிஸ்ட் விஎம்ஸ் என்று கேட்டால் வெற்றுப் பதில் வரும். விஎம் எல்லாம் அழிந்துவிட்டதோ என்று பதறி, புதிதாக ஒன்றை உருவாக்கினால் அதுவும் ரூட்டின் வீட்டில் போய் உட்காரும். பட்டியல் வெறுமையாக வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இப்போது நான் எந்தப் பயனர் என்பதுதான்.

புது ஃபோல்டர், பழைய விஎம்

சி டிரைவ் நிரம்புகிறது என்று செட்பிராப்பர்ட்டி மெஷின்ஃபோல்டர் கொடுத்து டி டிரைவைக் காட்டுவார்கள். காட்டிய பிறகும் சி டிரைவ் இளைக்காது. கல்லணையில் வெண்ணாற்றுப் பக்கம் ஷட்டரைத் தூக்கினால் இனி வரும் தண்ணீர்தான் அந்தப் பக்கம் போகும். ஏற்கெனவே காவிரியில் இறங்கியது திரும்பாது. அதுபோல இந்த அமைப்பு இனி உருவாக்கப்போகும் விஎம்முக்கு மட்டும். பழையதை நகர்த்த மூவ்விஎம் என்று தனிக் கமாண்ட் இருக்கிறது. ஃபோல்டரைக் கட் பண்ணி வேறு இடத்தில் ஒட்டினால் பட்டியலில் பெயருக்குப் பதிலாக இன்ஆக்ஸசிபிள் என்று நிற்கும்.

விஎம்மின் டிஸ்க்கான விடிஐ கோப்பை நகலெடுத்து இரண்டாவது விஎம்முக்கு மாட்டுவதும் இதன் தம்பிதான். நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே யுயுஐடி (அடையாள எண்) இருப்பதால் இரண்டாவதை ஏற்க மறுக்கும். குளோன்மீடியம் கொடுத்தால் புது யுயுஐடியோடு நகல் வரும்.

விண்டோஸில் பாதையை எழுதும்போது ஒரு பொறி. "டி:\விஎம்\" என்று கடைசியில் பின்சாய்வுக் கோடு வைத்து மேற்கோளை மூடினால், அந்தக் கோடும் மேற்கோளும் சேர்ந்து மேற்கோளும் பாதையின் பகுதி என்று எடுத்துக்கொள்ளப்படும். "டி:\விஎம்" என்று நிறுத்துங்கள். இணையத்திலிருந்து ஒட்டும்போது இரட்டைச் சிறுகோடு ஒரே நீளக் கோடாக மாறியிருக்கும். அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கொடுத்தாலும் விழுங்கும் கமாண்ட்

ஹோஸ்ட் கீ, அப்டேட் அறிவிப்பு போன்ற விருப்பங்கள் செட்எக்ஸ்ட்ராடேட்டா குளோபல் வழியாகப் போகும். இதில் சாவிப் பெயரில் (விருப்பத்தின் பெயர், கீபோர்டு சாவி அல்ல) ஒரு எழுத்து தப்பினாலும் ஏற்றுக்கொண்டு பத்திரமாகச் சேமித்துவைக்கும், ஆனால் யாரும் அதைப் படிக்க மாட்டார்கள். கொடுத்த கையோடு கெட்எக்ஸ்ட்ராடேட்டா குளோபல் எனுமரேட் என்று கேட்டு வரிவரியாகப் பாருங்கள். தவறாகச் சேர்த்ததை நீக்க, அதே சாவியை மதிப்பில்லாமல் திரும்பக் கொடுத்தால் போதும். செட்பிராப்பர்ட்டி கொடுத்தவற்றைச் சரிபார்க்க லிஸ்ட் சிஸ்டம்பிராப்பர்ட்டீஸ்.

சலித்துப்போய் அமைப்பு எழுதப்பட்டிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பையே நோட்பேடில் திறந்து திருத்துவோரும் உண்டு. அந்தக் கோப்பின் தலையிலேயே திருத்தாதே என்று எழுதியிருக்கிறது. காரணம், விபாக்ஸ்எஸ்விசி என்ற பின்னணிச் சேவை அமைப்பை நினைவில் வைத்திருந்து பிறகு தன் பிரதியைக் கோப்பின் மேல் எழுதும். எல்லாச் சன்னலையும் மூடிய பிறகும் அது சில விநாடி உயிரோடு இருக்கும்.

கரண்ட் போகும் நேரம்

டெல்டாவில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையாவது முன்கூட்டியே தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது போன கரண்ட் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் வரவில்லை. யுபிஎஸ் தரும் சில நிமிடங்களில் விஎம்களை இறக்கிவைக்கத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம், அங்கேதான் தவறும் நடக்கிறது.

கண்ட்ரோல்விஎம்மில் பவர்ஆஃப் என்றால் பிளக்கைப் பிடுங்குவது. முறையாக நிறுத்த ஏசிபிஐபவர்பட்டன். ஆனால் இந்தக் கமாண்ட் பட்டனை அமுக்கிவிட்டு உடனே திரும்பிவிடும். உள்ளே இருக்கும் சிஸ்டம் அணைந்ததா என்று காத்திருக்காது. அடுத்த வரியிலேயே ஹோஸ்டை (விஎம்களைத் தாங்கும் கணினி) அணைக்கும் கமாண்ட் இருந்தால் டேட்டாபேஸ் நடுவழியில் அறுபடும். 5 விநாடிக்கு ஒருமுறை ஷோவிஎம்இன்ஃபோ, --மெஷின்ரீடபிள் கேட்டு, விஎம்ஸ்டேட் என்ற வரியில் பவர்ஆஃப் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 90 விநாடியாகியும் வரவில்லை என்றால் சேவ்ஸ்டேட்.

சேவ்ஸ்டேட்டும் இலவசமில்லை. மெமரியை டிஸ்க்கில் எழுதுவதுதான் அது. 4096 எம்பி மெமரி நிரம்பியிருந்து, பழைய ஹார்ட்டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி எழுதினால் சுமார் 40 விநாடி. நான்கு விஎம்மையும் ஒரே டிஸ்க்கில் ஒரே நேரத்தில் சேமித்தால் 160 விநாடிக்கு மேலேயே ஆகும். பேட்டரி வயதானதாக இருந்தால் ஒவ்வொன்றாக, முக்கியமானதை முதலில். டிஸ்க்கில் மெமரி அளவுக்குக் காலி இடமும் வேண்டும்.

கரண்ட் வந்தபின் இன்னொரு சிக்கல். சேவ்ஸ்டேட்டில் இருக்கும் விஎம்மை மாடிஃபைவிஎம் தொடவிடாது. உடனே டிஸ்கார்ட்ஸ்டேட் கொடுத்துவிடாதீர்கள். சேமித்த மெமரி போய்விடும், பிளக்கைப் பிடுங்கியதற்குச் சமம். இயக்கி, முறையாக அணைத்து, பிறகு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றக்கூடிய சிலவற்றுக்குக் கண்ட்ரோல்விஎம் உண்டு. ஹோஸ்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதை விஎம்முக்கு அனுப்பும் போர்ட் திருப்பிவிடுதல் அதில் ஒன்று.

விட்டுவைத்த காலி இடம்

தொலைவிலிருந்து விஎம்முக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்காக அந்தப் போர்ட் விதியைப் பலரும் "எஸ்எஸ்எச்,டிசிபி,,2222,,22" என்று எழுதுவார்கள். மூன்றாவது இடம் ஹோஸ்டின் ஐபி. காலியாக விட்டால் ஹோஸ்டின் எல்லா முகவரியிலும் திறக்கும். லேப் நெட்வொர்க்கில் இருக்கும் எந்த மாணவரும் தட்டலாம். அங்கே 127.0.0.1 (அந்தக் கணினிக்கு மட்டுமான முகவரி) போடுங்கள். இரண்டு விஎம்முக்கும் 2222 கொடுத்தால் ஒன்றுதான் வேலை செய்யும்.

கேவிஎம் பக்கம் போனால்

லினக்ஸில் விஎம் ஓட்டும் கேவிஎம்முக்கு விர்ஷ் என்ற கமாண்டைப் பயன்படுத்துவோருக்கு அலகு இன்னும் மோசம்: மெமரியை மாற்றும் செட்மெம்முக்கு வெறும் எண் கொடுத்தால் கிபிபைட் (1024 பைட்). 2048 என்றால் 2 எம்பிதான். 2ஜி என்று அலகோடு எழுதலாம், எழுதுங்கள். ஓடும் விஎம்மை மாற்றும் --லைவ் மட்டும் கொடுத்த மாற்றம் விஎம்மை அணைத்ததும் மறைந்துவிடும்; நிலைக்க --கான்ஃபிக்கும் வேண்டும். விர்ஷ் எடிட்டில் செய்த மாற்றம் விஎம்முக்குள் ரீபூட் செய்தால் வராது, முழுவதும் அணைத்து மறுபடி இயக்க வேண்டும்.

விர்ஷ் டெஸ்ட்ராய் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. அது கரண்டைப் பிடுங்குவது மட்டும், டிஸ்க்கைத் தொடாது. விஎம்மைப் பட்டியலிலிருந்து எடுக்கும் விர்ச்சுவல்பாக்ஸின் அன்ரெஜிஸ்டர்விஎம் சாதுவாகத் தெரியும். பின்னால் --டிலீட் சேர்ந்துவிட்டால் டிஸ்க், ஸ்னாப்ஷாட், லாக் எல்லாம் கேள்வியே இல்லாமல் போய்விடும், ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது.