வீவக வீட்டில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக டியூலிப்

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில் பிற்பகல் வெப்பம் 31 டிகிரி. டியூலிப்புக்கோ பூக்கும் முன் நீண்ட குளிர்காலம் ஒன்று வேண்டும். முதலாண்டு எனக்கு இலை மட்டுமே கிடைத்தது. இரண்டாம் ஆண்டு பூத்தது, ஆனால் ஊதா வாடிய பிறகே இளஞ்சிவப்பு விரிந்தது. மூன்றாம் ஆண்டுதான், தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், இரண்டு நிறமும் சேர்ந்து ஒன்பது பூக்கள் பூத்தன.

முதல் படி: கிழங்கு வாங்குவது

செப்டம்பர், அக்டோபரில் நாற்றங்கால்களில் விசாரியுங்கள். சுற்றளவு 12 சென்டிமீட்டருக்குக் குறையாத, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிழங்காகப் பாருங்கள். தோலில் லேசான நீலப் பூஞ்சை இருந்தால் துடைத்துவிடலாம். உள்ளே கொழகொழத்தால் வேண்டாம். ஏற்கெனவே குளிரூட்டியதா என்று கேட்க மறக்காதீர்கள்.

‘கலப்பு நிறம்’ என்று விற்கும் பொட்டலத்தை நான் இனி தொடமாட்டேன். இரண்டாம் ஆண்டு நான் வைத்தவை ஊதா நிற ‘பர்ப்பிள் பிரின்ஸ்’, இளஞ்சிவப்பு நிற ‘ஆஞ்சலிக்’. முன்னது முதலில் பூக்கும் வகை, பின்னது கடைசியில் பூக்கும் வகை. சேர்ந்து பூத்திருந்தால்தான் வியப்பு. இப்போது ஊதாவுக்கு ‘நெக்ரிட்டா’, இளஞ்சிவப்புக்கு ‘பார்சலோனா’. இரண்டும் ‘டிரையம்ஃப்’ என்ற டியூலிப் பிரிவைச் சேர்ந்தவை, ஒரே சமயத்தில் பூப்பவை.

இரண்டாம் படி: குளிர்பதனப்பெட்டி

முதலாண்டு நான் சறுக்கியது இங்கேதான். கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வைத்தேன். பக்கத்திலேயே அம்மாவின் ஆப்பிள்களும் மாம்பழங்களும் இருந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு இலை செழிப்பாக வந்தது. நடுவில் மொட்டு இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புக் காகிதத் துணுக்குப் போல ஒன்று.

நடாமல் மிச்சம் வைத்திருந்த கிழங்கை வெங்காயம் போல நெடுக்காக வெட்டிப் பார்த்தேன். நல்ல கிழங்கு என்றால் அடுக்குகளின் நடுவே மஞ்சளும் பச்சையுமாக ஒரு குருத்தும், அதற்குள் நகக்கண் அளவில் ஒரு முழுப் பூவும் இருக்கும். மகரந்தப் பைகள்கூடத் தெரியும். என் கிழங்கில் அந்தப் பூ சுருங்கிக் கருகிக் கிடந்தது. பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை வெளிவிடும். அது உள்ளிருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். பழமும் கிழங்கும் ஒரே பெட்டியில் இருக்கவே கூடாது. தனித்தனித் தட்டில் வைப்பதும் போதாது, காற்று ஒன்றுதானே. நான் பழைய சிறு குளிர்பதனப்பெட்டி ஒன்றை இதற்கென்றே வாங்கிவிட்டேன். வீட்டில் சிரித்தார்கள்.

வெப்பநிலை 4 முதல் 7 டிகிரி, மொத்தம் 14 வாரம். பெட்டியின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். உறைபெட்டி கூடாது. பையின் மேல் தேதியும், ‘சமைக்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கையும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். டியூலிப் கிழங்கு நச்சு. பார்வைக்கு வெங்காயம் போலவே இருப்பதால் ஒருநாள் சாம்பாருக்குப் போகவிருந்ததைக் கடைசி நொடியில் காப்பாற்றினேன்.

மூன்றாம் படி: வேர் விடுவது

11 வாரம் முடிந்ததும் கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கற்களைப் பரப்பிக் கூர் முனை மேலே இருக்கும்படி நெருக்கமாக அடுக்குங்கள். நீர் கிழங்கின் அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கவேண்டும், மூழ்கினால் அழுகும். கிண்ணத்தோடு மீண்டும் குளிர்பதனப்பெட்டிக்குள் மூன்று வாரம். மண்தொட்டியைவிட எனக்குக் கண்ணாடிதான் பிடிக்கும். வேர் எவ்வளவு வந்திருக்கிறது என்று தோண்டாமலே தெரிகிறது.

நான்காம் படி: வெளியே எடுப்பது

நேர்வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரம் வையுங்கள். இரவில் குளிரூட்டி ஓடும் படுக்கையறைக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பூத்துவிடும். நீரில் பனிக்கட்டி போடச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் கரைவதால் என்ன பயன்? வெப்பத்தில் டியூலிப் வாய் பிளந்து விரியும், குளிரில் மூடிக்கொள்ளும். அதனால் வேலைக்குப் போகும்போது கிண்ணத்தையே பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். மாலையில் விருந்தினர் வரும்போது பூ கட்டுக்கோப்பாக இருக்கிறது.

பூத்து முடிந்த கிழங்கு நம் ஊரில் மறுபடி பூக்காது. உரக்குழிக்குப் போகட்டும்.

பின்குறிப்பு: பூ வந்தது, ஆனால் தண்டில்லாமல் இலைக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எட்டு வாரத்தில் வெளியே எடுத்துவிட்டாராம். குளிர் போதாவிட்டால் தண்டு நீளாது.

இன்னொன்று: கொசு. நான் எழுத மறந்ததை வாசகி ஒருவர் பிடித்துவிட்டார். வெளியே எடுத்த நாளிலிருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரை மாற்றிக் கூழாங்கற்களையும் கழுவுங்கள். கிண்ணத்தில் கொசுப்புழு இருந்தால் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி பூவின் அழகைப் பார்க்கமாட்டார்.