விட்டு விட்டு அறுபடும் அலுவலக இணைய லைன்: பழுதைப் பிடிப்பது எப்படி?

அலுவலகத்தின் ஃபைபர் லைன் நாளுக்கு நான்கைந்து முறை ஓரிரு நிமிடம் நின்று, தானாகவே திரும்பி வருகிறது. புகார் கொடுத்து ஆள் வரும் நேரத்தில் எல்லாம் ஒழுங்காக இருப்பதால், "இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டுப் போகிறார். இத்தகைய பழுதை, அது நிகழும்போது எந்தப் பகுதியில் நிகழ்ந்தது என்று காட்டும் பதிவு இருந்தால்தான் பிடிக்க முடியும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கணினியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

முதலில் ஒரு கணினியை வைஃபையில் அல்லாமல் கேபிள் மூலம் ரூட்டரில் நேரடியாக இணையுங்கள். அதில் மூன்று கட்டளைச் சாளரங்களைத் திறந்து, மூன்று முகவரிகளுக்கு இடைவிடாமல் பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். ஒன்று உங்கள் ரூட்டரின் முகவரி; அடுத்தது சேவை நிறுவனத்தின் கேட்வே (உங்கள் லைன் அவர்களது வலையமைப்பில் நுழையும் வாசல்) முகவரி; மூன்றாவது 8.8.8.8 போன்ற வெளி முகவரி. விண்டோஸில் பிங் கட்டளையோடு "-t" என்ற குறியைச் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை அது ஓடும். ஆனால் விண்டோஸ் பிங் நேரத்தைப் பதிவு செய்யாது; ஆகவே லைன் நின்ற நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் கடிகாரம் பார்த்து நீங்களே எழுதி வைக்க வேண்டும். சில கேட்வேக்கள் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்டிருக்கும் என்பதால், லைன் நன்றாக இருக்கும்போதே அது பதில் தருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டரிலிருந்தே பதில் வரவில்லை என்றால் பழுது உங்கள் அறைக்குள் இருக்கிறது. ரூட்டர் பதில் தந்து கேட்வே தராவிட்டால், ரூட்டருக்கும் கேட்வேக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்க்க வேண்டும். கேட்வே வரை சரியாக இருந்து வெளி முகவரி மட்டும் நின்றால், அநேகமாக நிறுவனத்தின் உள் வலையமைப்பில்தான் கோளாறு. அதற்காக உங்கள் கேபிளை மாற்றிப் பயனில்லை.

அடுத்து மின்சாரத்தைப் பாருங்கள். ரூட்டர், ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் பெட்டி) ஆகியவற்றின் அமைப்புப் பக்கத்தில் அவை எவ்வளவு நேரமாகத் தொடர்ந்து இயங்குகின்றன என்ற கணக்கு இருக்கும். லைன் நின்று திரும்பியதும் அந்தக் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால், சாதனமே அணைந்து எழுந்திருக்கிறது. பெரும்பாலும் அடாப்டர் அல்லது தளர்ந்த பிளக் பாயிண்ட்தான் காரணம். எல்லாக் கணினிகளையும் யூபிஎஸ்ஸில் இணைத்துவிட்டு ஓஎன்டியை மட்டும் சாதாரண பிளக்கில் விட்டிருக்கும் அலுவலகங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் சரி என்றால் ஒளியின் அளவைப் பார்க்க வேண்டும். ஓஎன்டியின் அதே பக்கத்தில் பெறப்படும் ஒளித்திறன் டிபிஎம் என்ற அலகில் காட்டப்படும்; மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி மங்கல். ஜிபான் வகை (ஒரே ஃபைபரைப் பல வாடிக்கையாளர்கள் பகிரும்) இணைப்பில் பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகுப்பு ஓஎன்டிக்கு -27 டிபிஎம் கீழ் வரம்பு. -26, -27 என்று நின்றால் லைன் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். 3 டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கொள்ளுங்கள்.

நான் கவனித்த ஓர் அலுவலகத்தில் அளவு எப்போதும் -21 என்றே இருந்தது, ஆனாலும் லைன் போய்க்கொண்டிருந்தது. சோதிக்க வருபவர்கள் எல்லோரும் முதலில் ரேக்கின் (சாதனங்களை வைக்கும் அலமாரியின்) கதவைத் திறந்தார்கள். திறந்தவுடன் பழுது மறைந்தது. கதவை மூடும்போது மஞ்சள் நிறப் பேட்ச் கார்டு (சாதனத்தை இணைக்கும் குட்டை ஃபைபர் கேபிள்) கீலின் அருகே மடிந்து நசுங்கியது. கதவை மூடிவைத்து, வேறு கணினியிலிருந்து அளவைப் பார்த்தபோது அது -29 என்று காட்டியது. சாதாரண ஃபைபரை 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. ஆகவே சோதிக்கும்போது கேபிள்கள் வழக்கமாகக் கிடக்கும் நிலையிலேயே இருக்கட்டும். பச்சை நிற இணைப்பியைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் மட்டுமே சேருங்கள். ஃபைபர் முனையைக் கண்ணால் உற்றுப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி புலப்படாதது, ஆனால் கண்ணுக்குக் கேடானது.

மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் பெட்டி) வழியாக வரும் லீஸ்டு லைனில் (உங்களுக்கென்றே தனியாகத் தரப்படும் இணைப்பில்) இன்னொரு பழுது ஒளிந்திருக்கும். ஒரு பக்கத்தில் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் தரவு போகும் முறை) என்று நிலையாக அமைத்து, மறுபக்கத்தைத் தானியங்கியாக விட்டால், தானியங்கிப் பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். காலையில் பயன்பாடு குறைவாக இருக்கும்போது பிங் அழகாக ஓடும். வேலை கூடும்போது பாக்கெட்டுகள் தொலையும். போர்ட்டின் கணக்கில் சிஆர்சி பிழைகளோ (சிதைந்து வந்த தரவு) தாமத மோதல்களோ (அனுப்பத் தொடங்கி நேரம் கடந்தபின் இரு பக்கத் தரவும் மோதுவது) ஏறிக்கொண்டே போனால், இரு பக்கமும் ஒரே அமைப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய நேரத்தை எழுதுங்கள். கேபிளையும் அடாப்டரையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

பழுது வெளியே என்று உறுதியானால், நின்ற நேரங்கள், எந்த முகவரி வரை பதில் வந்தது, அப்போதைய ஒளி அளவு ஆகியவற்றை எழுத்தில் அனுப்பி, அதே நேரங்களுக்கு அவர்களது பதிவு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சரிசெய்தாயிற்று என்று சொன்னாலும் பிங்கை நிறுத்த வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்த பழுது என்றால், குறைந்தது ஒரு வாரம் அது ஓடிய பிறகே புகாரை முடிக்கச் சம்மதியுங்கள்.