வடசென்னையில் வீடு வாங்க வருகிறீர்களா? அடிமனை யாருடையது என்று முதலில் கேளுங்கள்

மஸ்கட்டில் 14 வருடம் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு வடசென்னைக்கு வந்தவன் நான். மனைவி தங்கசாலையில் பிறந்தவள். அடையாறு, வேளச்சேரி என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. அம்மா வீட்டுப் பக்கமே வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய அதே மாதம் வீடு தேடி இறங்கினோம். எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பக்கம் குறையில்லாத வீடு கிடைக்காது. திருவொற்றியூரில் கடல்காற்று உண்டு, வடிவுடையம்மன் சந்நிதி உண்டு, மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளோடு போராட வேண்டும். மணலி பக்கம் விலை இறங்கும், ஆலை வாடையும் சேர்ந்து வரும். கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட். ஓய்வு பெற்றவருக்கு அது பெரிய தொல்லையில்லை. காலையில் பள்ளிக்கு ஓடும் பிள்ளைக்கு அது தினசரி தண்டனை. வீட்டில் இளைப்பு உள்ள குழந்தை இருந்தால், கொடுங்கையூர் குப்பைமேட்டை ஒட்டி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ரயில்வே கேட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், குப்பைமேட்டுப் புகையை முடியாது. பெரம்பூரிலும் வியாசர்பாடியிலும் மழைக்காலத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிட்டால் எந்த வழியாக வீடு திரும்புவீர்கள் என்பது அப்போதுதான் புரியும்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். நாங்கள் ஏமாந்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்றில்.

ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் பழைய வீடு. முற்றம், கிணறு, தேக்குக் கதவு, கட்டை வைத்த மெட்ராஸ் டெரஸ் கூரை. என் தாத்தா வீட்டுத் திண்ணையையே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல இருந்தது. அக்கம்பக்கத்து விலையில் மூன்றில் இரண்டு பங்குதான் கேட்டார்கள். “பங்காளிகளுக்குள் தகராறு வருவதற்குள் முடிக்க வேண்டும் சார், அதனால்தான் இந்த விலை” என்றார் தரகர். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் விற்பவர் பெயரில் இருந்தன. 30 வருட வில்லங்கச் சான்றிதழில் அடமானம் ஒன்றும் இல்லை. ஐந்து லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

பத்திரத்தின் சொத்து விவரத்தை வக்கீல் வாசித்தபோதுதான் அந்த வரி வெளியே வந்தது: “அடிமனை நீங்கலாக, மேற்கட்டடம் மட்டும்.” அதாவது கட்டடம் மட்டும்தான் விற்பனைக்கு, அது நிற்கும் நிலம் ஒரு கோயிலுடையது. விற்பவர் குடும்பம் தலைமுறையாகத் தரை வாடகை கட்டிக் குடியிருந்தவர்கள். அதிலும் பல வருட பாக்கி. வில்லங்கச் சான்றிதழ் ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். பதிவான பரிமாற்றங்களை மட்டுமே அது காட்டும் என்றார் வக்கீல். கோயில் அந்த மனையை யாருக்கும் விற்றதே இல்லை. விற்காத நிலத்துக்குப் பதிவு எங்கிருந்து வரும்? 1959-ஆம் வருடத்து அறநிலையத் துறைச் சட்டப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்கவும் முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. வங்கியும் கடன் இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு வருடம் நடையாய் நடந்து இரண்டு லட்சத்தைத் திரும்ப வாங்கினேன். மீதி மூன்று லட்சம் போனது போனதுதான். அது 45 டிகிரி வெயிலில் நின்று சேர்த்த பணம். இன்றும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

எங்கள் கிராமத்தில் வீடு என்றால் மனையும் சேர்ந்ததுதான். மனையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆகவே முன்பணத்துக்கு முன்பே நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். கோயில், வக்ஃபு, அறக்கட்டளை என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முந்தைய பத்திரங்களின் சொத்து விவரத்தை வரிவரியாக வாசியுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் வரிப் பிடித்தம் (டிடிஎஸ்) உண்டு. விற்பவரும் வெளிநாட்டில் இருந்தால் அதன் கணக்கு வேறு, ஆடிட்டரிடம் கேளுங்கள். உங்கள் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்துப் போட வெளிநாட்டிலிருந்து பவர் பத்திரம் அனுப்பினால் தூதரகத்தில் சான்று பெற்று, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை இட வேண்டும். அடுக்குமாடி என்றால் பிரிபடாத நிலப் பங்கு, அதாவது மொத்த மனையில் உங்களுக்குச் சேரும் பாகம், எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரத்தில் பாருங்கள்.

இப்போது பெரம்பூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று தரைத்தளத்தில் குடியிருந்த பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் வாங்கினோம். 2023 டிசம்பர் புயலில் தெருவில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் பாட்டி காட்டிய படியைத் தாண்டவில்லை.

முன்பணத்தைக் கேட்டு அலைந்த நாட்களில் ஒருநாள், அந்த ராயபுரம் சந்து முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் நடந்ததைச் சொன்னேன். “இந்தத் தெருவில் பாதி வீடு கோயில் மனைதானே சார், எங்களைக் கேட்டிருக்கலாமே” என்றார். உங்கள் மைத்துனர் வீட்டைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால், அதே நடையில் அந்தத் தெரு இஸ்திரி வண்டி வரைக்கும் அவரைப் போய்வரச் சொல்லுங்கள்.